ஜெனரேட்டருக்கு ஒரு சந்தனப் பொட்டு

அக்டோபர் 11, வெள்ளி. பெருந்துறை

ஆயுத பூஜை. காலையிலிருந்து இடுப்பு நிமிரவில்லை. அரிவாள்மணை, மிக்ஸி, தையல் மிஷின், என் ஸ்கூட்டர் என்று வீட்டில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு வேனுக்குப் போனேன். வேன் என்றால் சும்மா வேன் இல்லை. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஏசி, திரும்பி நிற்க முடியாத ஒரு கக்கூஸ். பழைய வேன் ஒன்றை வாங்கி என் மகன் நவநீதன் மாதக்கணக்கில் மெனக்கெட்டுச் செய்தது. தெருவில் எல்லோரும் கேரவன் என்கிறார்கள். கதவு திறந்ததும் யாராவது நடிகை இறங்குவாள் என்று எட்டிப் பார்க்கிறார்கள். நான் இறங்குகிறேன், பாவம்.

எல்லாம் இவருக்காக. இவர் என்றால் என் வீட்டுக்காரர் குழந்தைவேலு. நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. இரண்டு வருடமாக மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின், ஒரே அறை. மிஷினின் ஒயர் சுவரில் இருக்கிற பிளக் வரைக்கும்தான் போகும். இவரும் அதுவரைக்கும்தான் போக முடியும்.

"சுவத்தையே பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு வசந்தா. சுவரே இல்லாத எடம் ஒண்ணு பார்க்கோணும்" என்று ஒருநாள் சொன்னார். கடல்தான் அப்படிப்பட்ட இடம் என்று தானே முடிவுகட்டி, கோடியக்கரை என்று ஊர்ப் பெயரும் சொல்லிவிட்டார். அங்கே இந்த மாதம் வெளிநாட்டுப் பறவையெல்லாம் வந்து இறங்குமாம்.

கடற்கரையில் பிளக் ஏது? அதற்குத்தான் ஜெனரேட்டர். டீசல் புகை இவருக்கு ஆகாது என்று நவநீதன் கேஸில் ஓடுவதாகத் தேடி வாங்கினான். புரொப்பேன் என்று அதன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்கு அது கேஸ், அவ்வளவுதான். வேனின் பின்பக்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்தால் உள்ளே உட்கார்ந்திருக்கும். இத்தனை நாள் வாசலில் நிறுத்தி ஓட்டிப் பார்த்ததில் ஒரு தடவைகூட முரண்டு பிடித்ததில்லை.

நவநீதன் கறாராகச் சொல்லிவிட்டான். "ஜெனரேட்டர் நல்லா ஓடுனாத்தான் கடல் பக்கம் போகோணும். அது ஓடலீன்னா அப்படியே திரும்பி வந்தரோணும். வந்தா வேனை வித்துப்போடுவேன், ஆமா."

நான் சரி என்றேன். உண்மையைச் சொன்னால் இந்தப் பயணத்தில் எனக்குத் துளியும் இஷ்டமில்லை. சுவரும் பிளக்கும் இருக்கிற வீடு எனக்குப் போதும்.

ஜெனரேட்டருக்குப் பொட்டு ரொம்ப அழகாக அமைந்தது. கேஸ் குழாய் போய்ச் சேருகிற இடத்தில் ஊத்தப்பம் மாதிரி வட்டமாக ஒரு தட்டு இருக்கிறது. அதில், பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி ஒரு சின்னக் குழி. பன்னீர் விட்டுச் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அழுத்தி வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். சாமி முகமேதான்.

இன்றைக்கு எந்த மிஷினையும் ஓட்டக்கூடாது. எல்லாம் ஓய்வெடுக்கட்டும். ஆக்சிஜன் மிஷினுக்கு மட்டும் ஓய்வு கிடையாது, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டு வைத்துக்கொண்டது. நாளை விஜயதசமி. கிளம்ப நல்ல நாள் என்று இவர் நான்கு தடவை சொல்லிவிட்டார்.

அக்டோபர் 12, சனி. குளித்தலை

எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிக் கிளம்பினோம். ஓட்டுவது நான்தான். மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் நாற்காலியில் உட்கார்ந்தே காலம் தள்ளியவள், ரிட்டயர் ஆகிற சமயத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இவர் பக்கத்து சீட்டில் குழாயும் மூக்குமாக உட்கார்ந்து, மில்லில் புதுப் பையனை மேய்ப்பதுபோல் என்னை மேய்த்துக்கொண்டு வந்தார். "லாரி வருது பாரு." பார்த்துவிட்டேன். "மாடு." பார்த்துவிட்டேன்.

புரட்டாசி மாதம் கல்யாணம் கிடையாது, கல்யாண மண்டபம் எல்லாம் ஈயாடுகிறது. அங்கே கேட்டால் வண்டியை நிறுத்த விடுவார்கள் என்பது நவநீதனின் யோசனை. நன்றாகவே பலித்தது. ஆற்றங்கரை மண்டபத்தின் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, "ஷூட்டிங்குங்களா?" என்றார்.

வண்டி ஓடும்போது அதன் பேட்டரியே ஆக்சிஜன் மிஷினைப் பார்த்துக்கொள்ளும். நின்றால் ஜெனரேட்டர் போடவேண்டும். சாயங்காலம் போட்டேன். கிளம்பியது. ஆக்சிஜன் மிஷின் ஓடியது. ஏசியைப் போட்டேன். ஜெனரேட்டர் கிழவன் மாதிரி இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிட்டது. மறுபடியும் போட்டேன். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நின்றது.

ஜெனரேட்டர் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண், தேன் குரலில், "அரை மணி நேரத்தில் எங்கள் ஆள் உங்களைத் தொடர்புகொள்வார் மேடம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வாக்கியத்தை எத்தனை ஆயிரம் பேரிடம் நான் சொல்லியிருப்பேன்! ஆள் தொடர்புகொள்ள மாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வாட்ச்மேன் மண்டபத்து சமையல்கட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது. அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கிறது. பயமில்லை. வழக்கம்போல அந்த மிஷினின் சத்தத்தைக் கேட்டபடி விழித்துப் படுத்திருக்க வேண்டியதுதான். இந்த இரண்டு வருடத்தில் அது மூச்சு மாற்றினால்கூட எனக்குக் கேட்கும்.

அக்டோபர் 13, ஞாயிறு. திருச்சி

இங்கே விசாரித்துப் பிடித்த மெக்கானிக் சுப்புராயன் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்தார். நல்ல மனுஷன். நெற்றி நிறைய விபூதி. பிளக்கைக் கழற்றினார், மாற்றினார். காற்று ஃபில்டரைத் தட்டினார், ஊதினார். எண்ணெய் அளவு பார்த்தார். தூசி எல்லாவற்றையும் துணியால் துடைத்தார். அந்த வட்டத் தட்டுக்கு வந்ததும் பொட்டைச் சுற்றி மட்டும் பதமாகத் துடைத்தார்.

"சாமி பொட்டும்மா. அதுல கை வைக்க வேணாம்."

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஓட்டிக் காட்டினார், ஏசியைப் போட்டும் ஓடியது. "பிளக்குதாம்மா. இனிமே கவலையே இல்ல" என்றார். இவர் படியில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குனிந்தால் இவருக்கு மூச்சு வாங்கும், அதனால் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் சரியா மூச்சு விடலை அது" என்றார். ஓடுகிற மிஷினைக் குறை சொல்லுவதில் மில்காரர்களுக்கு ஒரு சந்தோஷம்.

பழைய பொட்டு காய்ந்து வெடித்திருந்தது, பார்க்க நன்றாக இல்லை. சுப்புராயன் போனதும் புதிதாகக் குழைத்து, வெடிப்பெல்லாம் மறைய வைத்தேன்.

சாயங்காலம் ஏசி போட்டதும் நின்றுவிட்டது.

அக்டோபர் 14, திங்கள். திருச்சி

மறுபடியும் நின்றது. மறுபடியும் ஒயர். ரசம் வைத்து அப்பளம் பொரித்தேன். இவர் அப்பளத்தைத் தொடவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய். தஞ்சாவூர்

சுப்புராயன் போனில், "அப்ப கேஸ்லதாம்மா கோளாறு. சிலிண்டர மாத்திப் பாருங்க" என்றார். மாற்றினேன். வீட்டில் செய்கிற மாதிரி சோப்புத் தண்ணீரைக் குழாய் நெடுக தடவி, நுரை கிளம்புகிறதா என்று பார்த்தேன். இல்லை. புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். குளிர் தேசத்தில் கேஸ் உறைந்தால் என்ன செய்வது என்று இரண்டு பக்கம் இருக்கிறது. தஞ்சாவூரில் கேஸ் உறைந்தால் பேப்பரில் போடுவார்கள்.

புது சிலிண்டர் என்பதால் அதற்கு ஒரு பொட்டு. அப்படியே ஜெனரேட்டருக்கும், இன்னும் கொஞ்சம் கெட்டியாக. மாரியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன். இஷ்டமில்லாத பயணத்துக்கு இவ்வளவு வேண்டுதல்!

ஓடவில்லை.

நவநீதனிடம் சொன்னேன். "திரும்பி வந்தருங்கம்மா. நான் வேணா சனிக்கிழமை பஸ் ஏறி வந்து வண்டிய ஓட்டீட்டு வந்தர்றேன்" என்றான். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வா என்றேன். எதற்கு வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்தேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 16, புதன். திருத்துறைப்பூண்டி

மழை. வழியெல்லாம் மழை. ரோட்டோர ரைஸ்மில் ஒன்றின் களத்தில் நிறுத்தச் சொன்னார்கள். அவர்களும் ஒயர் தந்தார்கள். நல்ல ஜனங்கள்.

இன்றைக்குச் சண்டை. ஜெனரேட்டர் கதவைத் திறந்துபோட்டு நான் நோண்டிக்கொண்டிருந்தபோது, இவர் படியில் நின்று, "நீதான அவனுக்குப் போன் பண்ணி வரச்சொன்னே?" என்றார்.

"நான் சொல்லாம வேற யாருங்க சொல்றது? மூச்சு முட்டுனா இந்த வயக்காட்டுல உங்களை எங்க தூக்கிட்டு ஓடுவேன்?"

"தூக்க வேண்டாம் போ. அப்படியே உட்டுட்டுப் போ."

இந்தப் பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மழை கொட்டத் தொடங்கியது. வெங்காயம் அரிந்தேன். அழுவதற்கு வெங்காயம் வசதி. மழை விட்டபிறகுதான் ஜெனரேட்டரின் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வெளிப்பக்கமெல்லாம் சாரல் அடித்துக் கழுவி விட்டிருக்கிறது. குங்குமம் ரத்தமாக ஒழுகித் தரையில் கிடக்கிறது. துணியால் ஒற்றி எடுத்தேன். இதோடு இதன் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அக்டோபர் 17, வியாழன். திருத்துறைப்பூண்டி

ஓடுகிறது!

காலையில் சும்மா பட்டனை அழுத்தினேன். ஒரே பிடியில் கிளம்பியது. ஏசியைப் போட்டேன், ஓடியது. மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன், ஓடியது. இஸ்திரிப் பெட்டியைக்கூடப் போட்டு இவருடைய வேட்டியைத் தேய்த்தேன். வேட்டியை யார் இஸ்திரி போடச் சொன்னார்கள்? சும்மா, ஆசைக்கு.

இவர் முகத்தைப் பார்க்கவேண்டும். நீளக் குழாயை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஜெனரேட்டர் கதவுக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். "இப்பத்தான் நல்லா மூச்சு விடுது" என்றார். விரலில் மாட்டுகிற மீட்டரில் பார்த்தால் ஆக்சிஜன் அளவு வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. நேற்றைய சண்டையை இருவரும் மறந்த மாதிரி இருந்தோம். பூநாரை என்று ஒரு பறவை இருக்கிறதாம், தலையைக் கவிழ்த்துத்தான் தின்னுமாம், கோடியக்கரைக்கு இப்போதே வந்திருக்குமாம். ரைஸ்மில்காரர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார். நாளைக்கே போய்விடலாம் என்றார். நவநீதனை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார். மத்தியானம் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

நன்றிக்கு ஒரு பொட்டு வைக்காமல் எப்படி? நாலு மணி வாக்கில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தேன். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வட்டத் தட்டின் குழியில் வைத்து அழுத்தினேன்.

விரலை எடுப்பதற்குள் சத்தம் மாறியது. ஏறியது, இறங்கியது, இருமியது, நின்றது.

விரலில் சந்தனத்தோடு குனிந்தேன். அந்தக் குழியைப் பார்த்தேன். பிறகு பொட்டைப் பார்த்தேன். திரும்பினால் இவர் ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒயரை மாட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவர்தான் பேசினார். "செரி வசந்தா. போதும். பையன் வரட்டும். ஊட்டுக்கே போயறலாம்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னவோ போல் இருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி. திருத்துறைப்பூண்டி

துணி துவைத்தேன். மழைக்குக் காயவில்லை. பீர்க்கங்காய்க் கூட்டு. நவநீதன் இன்று ராத்திரி பஸ் ஏறுகிறான். வீட்டுக்குப் போனதும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவவேண்டும். பால்காரருக்கு போன் செய்து ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பால் போடச் சொன்னேன்.

ஜெனரேட்டர் கதவைத் திறக்கவில்லை. திறக்க என்ன இருக்கிறது?

இவர் நாள் முழுக்க ரைஸ்மில் காம்பவுண்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 19, சனி. திருத்துறைப்பூண்டி

நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. எழுதவேண்டிய ஒன்றை விட்டுவிட்டுப் பீர்க்கங்காயை எழுதியிருக்கிறேன்.

எனக்கு வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. அது பொட்டு வைக்கிற குழி இல்லை, ஓட்டை. ஜெனரேட்டரின் மூக்கு. ஆயுத பூஜையிலிருந்து நான்தான் அதைச் சந்தனம் வைத்து அடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். காய்ந்து வெடித்தால் கொஞ்சம் மூச்சு விட்டது. நான் பக்தியோடு மறுபடி அடைத்தேன். மழைதான் அதைக் கழுவிவிட்டது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், நாற்பதாம் பக்கத்தில் அந்தத் தட்டின் படமே இருக்கிறது. பக்கத்தில், இந்தத் துளையை எப்போதும் திறந்து வைக்கவும் என்று கொட்டை எழுத்தில். படித்த அன்றைக்கு, நம் ஜெனரேட்டரில் எங்கே துளை இருக்கிறது, பொட்டு வைக்கிற குழிதானே இருக்கிறது என்று நினைத்திருப்பேன்.

தெரிந்தும் ஏன் ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன்? வெட்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். பயம். வாயை மூடிக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, ஜெனரேட்டர்தானே ஓடவில்லை. கடற்கரையில் ஏதாவது ஆகிவிட்டால் இவருடைய மூச்சுக்கு நான் ஒருத்தி மட்டும் பொறுப்பு. நினைத்தாலே என் மூச்சு முட்டுகிறது.

ஆனால் காலையில் இவர் எழுந்ததும் நேராகப் போய் அந்தக் காம்பவுண்ட் சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பக்கத்திலேயே பச்சைப் பசேல் என்று வயல் இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்பவில்லை. வீட்டு அறைக்கு இப்போதே பழகிக்கொள்ளுகிறார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

போய்ப் பக்கத்தில் நின்றேன். "ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். வையக்கூடாது."

"சொல்லு."

"ஜெனரேட்டர் நின்னதுக்கு நான்தானுங்க காரணம். அந்த வட்டத்துல இருக்கறது ஓட்டைங்க. நான் சந்தனம் வெச்சு அடைச்சுப்போட்டேன்."

"தெரியும்" என்றார்.

"என்னது?"

"அன்னைக்கு நீ வெக்கறப்பத்தான் பார்த்தேன். மூச்சு ஓட்டை தெரியாம மில்லுல என்ன சாணியா பொறுக்கீட்டு இருந்தேன்?"

எனக்கு வந்ததே கோபம்! "தெரிஞ்சுட்டு ஏனுங்க சொல்லலை? ஒரு நாள் பூரா நான் இங்க வெந்துட்டுக் கெடக்கறேன். ஊட்டுக்குப் போலாம்னு வேற சொன்னீங்க!"

இவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். பேசுவதற்கு முன்னால் மூச்சு சேர்த்துக்கொள்ளும்போது அப்படித்தான் செய்வார். "நீயும் பார்த்தே. பார்த்துட்டுத் தொடைக்காம கையைக் கழுவீட்டு வந்துட்டே. செரி, இவளால இதுக்கு மேல முடியலை போலன்னு நெனச்சேன். உன்னையப் பயமுறுத்திப்போட்டு நான் போய்க் கடலைப் பார்க்கோணுமா?"

பக்கத்தில் கிடந்த நெல்மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்காக இவர் கடலையே விட்டுவிட்டார். இப்படி ஒரு மனுஷனிடம்தான் புதன்கிழமை மல்லுக்கு நின்றிருக்கிறேன். அழுகைதான் வந்தது, வெங்காயம் இல்லாமலே.

"பயமா இருக்குதுங்க" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதை வாய்விட்டு இவரிடம் சொன்னதே இல்லை.

"எனக்கு மட்டும் இல்லியா? ஊட்டுல இருந்தாலும் பயந்தான். அங்க பயத்தோட பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்."

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன். எழுந்து போய் ஜெனரேட்டர் கதவைத் திறந்தேன். இவர் பின்னாலேயே ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"இரு இரு. மொதல்ல ஸ்டார்ட் பண்ணு. ஓடறப்ப எடு. சத்தம் எப்படி மாறுதுன்னு நான் கேக்கோணும்."

பட்டனை அழுத்தினேன். இருமிக்கொண்டே ஓடியது. ஊக்கின் முனையால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். சின்ன ஓட்டைதான், கடுகு உள்ளே போகாது. கடைசித் துணுக்கு வெளியே வந்தது. இருமல் நின்றது. சத்தம் ஒரே சீராக இறங்கி அமர்ந்தது. இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"ஊர்ல எல்லாரும் எண்ணெய் இல்லாம, கேஸ் இல்லாம மிஷினைக் கெடுப்பாங்க. பக்தியில கெடுத்தவ நீ ஒருத்திதான்."

சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வைக்கவேண்டியதாயிற்று. அதற்கும் சிரித்தார். இரண்டு வருடத்தில் இவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை.

பத்து மணிக்கு நவநீதன் தூக்கக் கலக்கத்தோடு வந்து இறங்கினான். ஜெனரேட்டர் ஓடுகிறது, ஏசி ஓடுகிறது, அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு முன்சீட்டில் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

"என்னம்மா இது? எப்படிச் செரியாச்சு?"

"ஒரு ஓட்டை அடைச்சிருந்துது. எடுத்துட்டேன்" என்றேன்.

"எதுங்கம்மா அடைச்சுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "தூசி" என்றார்.

நவநீதன் குனிந்து பார்த்தான். மோந்து பார்த்தான். "சந்தன வாசம் அடிக்குதுங்கப்பா?"

"தஞ்சாவூர்ப் பக்கம் தூசியெல்லாம் அப்படித்தான்டா" என்றார் இவர்.

வந்தது வந்தாய், எங்களோடு கடலுக்கு வா என்று கூப்பிட்டேன். திங்கட்கிழமை வேலை இருக்கிறதாம். இட்லி சாப்பிட்டுவிட்டு, ஜெனரேட்டரை நான்கு தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகி, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான். வேனை விற்கிற பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பால்காரருக்கு மறுபடி போன் செய்து பால் வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 20, ஞாயிறு. கோடியக்கரை

வந்துவிட்டோம். ஊர் தாண்டி, மீன்காரர்கள் வலை உலர்த்துகிற மேட்டில் நிறுத்தியிருக்கிறோம். மண்டபம் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது, இழுக்க ஒயர் கிடையாது. ஜெனரேட்டர் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கு எந்த வழி, எவ்வளவு தூரம் என்று வரும்போதே விசாரித்து வைத்துக்கொண்டேன்.

இவருக்கு நாற்காலியைக் கடல் பார்க்கப் போட்டேன். உண்மையாகவே சுவரே இல்லை.

மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "தூசியே இல்ல பாரு" என்றார். மில்காரர்.

பூநாரை இன்னும் வரவில்லையாம், கார்த்திகையில்தான் கூட்டம் கூட்டமாக வருமாம். ரைஸ்மில்காரர்கள் நன்றாகக் கதை விட்டிருக்கிறார்கள். அப்படியானால் கார்த்திகையில் இன்னொரு தடவை வரவேண்டியதுதான் என்று சொன்னேன். சொன்னது நான்தானா என்று இவர் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் சந்தனம் மிச்சமிருந்தது. இவர் பார்த்துக்கொண்டே இருந்தார், எங்கே வைக்கப்போகிறேன் என்று. ஜெனரேட்டர் கதவின் வெளிப்பக்கத்தில், ஓட்டை உடைசல் எதுவும் இல்லாத தகரத்தில், தடவித் தடவிப் பார்த்துவிட்டு வைத்தேன்.

அக்டோபர் 21, திங்கள். கோடியக்கரை

கண்ணைத் திறந்தால் வெயில் கட்டில்வரை வந்துவிட்டிருக்கிறது. பதறி எழுந்தேன். இவர் எனக்கு முன்னால் எழுந்து, குழாயும் மூக்குமாகக் கதவுப் படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரும்.

"ஏனுங்க, ராத்திரி ஜெனரேட்டர் நடுவுல நின்னுச்சுங்களா?"

"யாருக்குத் தெரியும்? நீ உட்ட கொறட்டையில அது ஓடுற சத்தமே எனக்குக் கேக்கலை."